ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரி

பல்லுக்கு கிளிப் போட வேண்டும் என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளில் பலருக்குக் கோளாறு பல்லோடு நிற்பதில்லை. மேல்தாடை எலும்பு முன்னே வளர்ந்திருக்கும். அல்லது கீழ்தாடை பின்தங்கியிருக்கும். சில முகங்களில் இரண்டும் சேர்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாமே ‘எடுப்புப் பல்’தான். சிகிச்சை மட்டும் ஆளுக்கு ஆள் மாறிவிடும். பற்கள் மட்டும் முன்னே சாய்ந்திருந்தால் கம்பி கட்டிப் பின்னுக்கு இழுத்துவிடலாம். கீழ்தாடை பின்தங்கியிருந்தால், பிள்ளை வளரும் வயதில் இருக்கும்போதே ட்வின் பிளாக் போன்ற கருவியை மாட்டித் தாடையை முன்னே நிறுத்திப் பார்ப்பார்கள். வளர்ச்சி முடிந்த பிறகு வருகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான்: பற்களை நகர்த்தி எலும்பின் குறையை மறைப்பது, அல்லது தாடை எலும்பை வெட்டி நகர்த்தும் அறுவை சிகிச்சை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கீழ்தாடை துருத்தி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து கடிக்கும். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்ப ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெரிவது இந்தத் தாடைதான். கிழக்காசிய மக்களிடம் இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆகவே பல்சீரமைப்பு மருத்துவரின் முதல் கேள்வி, கோளாறு பல்லிலா, எலும்பிலா என்பது. எலும்பில் என்றால் எந்தத் தாடை, எவ்வளவு என்பது அடுத்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்விகளைக் கணினியிடம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது 90 சதவீதத்துக்கு மேற்பட்ட துல்லியம் என்ற செய்தி. அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதைப் பார்க்காமல் அதை நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

1899-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் கடிநிலைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். மேல், கீழ் முதல் கடவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதே அவருடைய அளவுகோல். அது பற்களின் கதையைச் சொன்னது. எலும்பைச் சொல்ல அவரிடம் கருவி இல்லை. 1931-இல் அமெரிக்காவில் ஹாலி பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹெர்பர்ட் ஹோஃப்ராத்தும் தனித்தனியே ஒரே முறையை வெளியிட்டார்கள். காதுத் துளைகளில் சிறு தண்டுகளைப் பொருத்தித் தலையை அசையாமல் நிறுத்தி, எப்போதும் ஒரே தூரத்திலிருந்து பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்பது. இதற்குப் பெயர் செஃபலோகிராம். நிலையும் தூரமும் மாறாததால், ஒருவரின் இன்றைய படத்தை ஐந்து வருடம் கழித்து எடுத்த படத்தோடு ஒப்பிட முடிந்தது. ஒருவரை இன்னொருவரோடும் ஒப்பிட முடிந்தது.

அந்தப் படத்தைப் படிப்பது பொறுமையான கைவேலை. பல் மருத்துவ மேற்படிப்பு மாணவர் படத்தை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, அதன் மேல் மங்கலான அசிட்டேட் தாளை ஒட்டி, கூர்மையான பென்சிலால் எலும்பின் விளிம்புகளை வரைவார். மண்டையோட்டின் அடித்தளத்தில் பிட்யூட்டரி சுரப்பி அமரும் குழியின் நடுவே ஒரு புள்ளி: செல்லா. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேருமிடம்: நேசியான். மேல்தாடையின் முன்விளிம்பு உள்வாங்கும் வளைவில் மிக ஆழமான இடம்: ஏ புள்ளி. கீழ்தாடையில் அதே போன்ற இடம்: பி புள்ளி. செல்லாவிலிருந்து நேசியானுக்கு ஒரு கோடு, நேசியானிலிருந்து ஏ-வுக்கும் பி-க்கும் ஒவ்வொரு கோடு. 1953-இல் செசில் ஸ்டைனர் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, செல்லா கோட்டோடு ஏ கோடு 82 டிகிரியும், பி கோடு 80 டிகிரியும் அமைவது இயல்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 டிகிரி. ஏ.என்.பி. கோணம் என்று துறையினர் நாள்தோறும் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். பொதுவாக 4-ஐத் தாண்டினால் இரண்டாம் வகுப்பு எலும்புக் கோளாறு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் மூன்றாம் வகுப்பு.

கேட்க எளிது. படத்தில் அப்படி இல்லை. இடது, வலது என இரண்டு பக்கத்துத் தாடை நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். காதுத் துளையின் மேல்விளிம்பான போரியானை எலும்பின் அடர்ந்த நிழல் மறைக்கும். ஏ புள்ளி இருக்கும் வளைவு சிலருக்கு மிக மென்மையாக இருக்கும். ‘மிக ஆழமான இடம்’ எது என்று ஒருவர் சொல்வதும் அடுத்தவர் சொல்வதும் மேலும் கீழுமாகத் தள்ளிப்போகும். பாம்ரிண்டும் ஃபிரான்ட்ஸும் 1971-இலேயே இதை அளந்து காட்டினார்கள்: ஒவ்வொரு புள்ளிக்கும் பிழையின் அளவு வேறு, பிழை பரவும் திசையும் வேறு.

இந்த இடத்தில்தான் இயந்திரக் கற்றல் உள்ளே வந்தது. துறைக்குப் பொதுவான ஒரு தேர்வுத்தாளைக் கொடுத்தது, மருத்துவப் படவியல் மாநாடான ஐ.எஸ்.பி.ஐ. 2015-இல் நடத்திய போட்டி. தைவானில் திரட்டிய 400 செஃபலோகிராம்கள். 6 வயதிலிருந்து 60 வயது வரை உள்ளவர்களுடையவை. ஒவ்வொன்றிலும் 19 புள்ளிகள். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே புள்ளி வைக்க, இருவருடைய சராசரியே ‘சரியான விடை’ ஆனது. 150 படங்கள் பயிற்சிக்கு, மீதி 250 சோதனைக்கு. கணினி வைத்த புள்ளி சரியான விடையிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். அந்த 2 மில்லிமீட்டர் இன்றுவரை இந்தத் துறையின் பொது எல்லையாக நிற்கிறது.

போட்டியில் முன்னிலை பெற்றவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிளாடியா லிண்ட்னரும் டிம் கூட்ஸும். அவர்களுடைய முறையின் அடிப்படை வாக்கெடுப்பு. படத்தின் சிறு சிறு துண்டுகளைக் கணினி எடுத்து, ‘இந்தத் துண்டு இப்படித் தெரிந்தால் ஏ புள்ளி இந்தத் திசையில் இத்தனை தூரத்தில் இருக்கும்’ என்று ஒவ்வொரு துண்டையும் வாக்களிக்க வைக்கும். வாக்குகள் குவிகிற இடமே புள்ளி. முகத்தின் மொத்த வடிவத்துக்குப் பொருந்தாத வாக்குகள் கழிந்துவிடும். 2016-இல் இவர்கள் மேம்படுத்தி வெளியிட்ட முறையில், 84.7 சதவீதப் புள்ளிகள் 2 மில்லிமீட்டர் எல்லைக்குள் விழுந்தன.

அதன் பிறகு ஆழ்கற்றல் வந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று மனிதர் சொல்லித்தராமல், ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து வலைப்பின்னல் தானே கண்டுகொள்ளும் முறை. தென் கொரியாவில் 1,028 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு நிரலை 283 படங்களில் சோதித்தார்கள், புள்ளிகள் 80. அதன் தொடர்ச்சியாக 2020-இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியான கேள்வியைக் கேட்டது: கணினி மனிதரை மிஞ்சுமா? கணினிக்கும் மனிதருக்கும் சராசரி வித்தியாசம் 1.46 மில்லிமீட்டர். இரண்டு மனிதர்களுக்குள் வித்தியாசம் 1.50. ஒரே மனிதர் அதே படத்தில் மறுமுறை புள்ளி வைத்தால் தன்னிடமிருந்தே 0.97 மில்லிமீட்டர் விலகினார். கணினியோ ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1,792 படங்களால் பயிற்றுவித்த நிரலும் அனுபவமுள்ள மருத்துவர்களுக்கு நிகராகச் செய்தது. அங்கே ஒப்பீட்டுக்கு 12 பேர் வைத்த புள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய பழக்கம் உண்மையாகிவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

புள்ளி வைப்பதில் கணினி மனிதருக்கு நிகராகிவிட்டது என்று இன்று தயக்கமில்லாமல் சொல்லலாம். நேரமும் மிச்சம். ஆனால் 2021-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த தொகுப்பாய்வு ஒன்று, சுமார் 80 சதவீதப் புள்ளிகள் 2 மில்லிமீட்டருக்குள் விழுகின்றன என்று கணக்கிட்டதோடு, அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒருதலைச் சாய்வுக்கான வாய்ப்பு அதிகம் என்றும் எச்சரித்தது.

கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த படி. 2 மில்லிமீட்டர் என்பது தாளில் சிறிய தூரம். கோணத்தில் அது சிறியதல்ல.

நேசியானிலிருந்து ஏ புள்ளி ஏறக்குறைய ஐந்தரை முதல் ஆறு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஏ புள்ளி முன்னாலோ பின்னாலோ 1 மில்லிமீட்டர் தள்ளினால் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறும். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும் இதைச் சரிபார்க்க. பி புள்ளி சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே இருப்பதால் அங்கே 1 மில்லிமீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல். ஏ புள்ளி 2 மில்லிமீட்டர் முன்னேயும் பி புள்ளி 2 மில்லிமீட்டர் பின்னேயும் விழுந்தால் ஏ.என்.பி. 3 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். போட்டியின் விதிப்படி இரண்டு புள்ளிகளும் வெற்றி. அதே தைவான் படத்தொகுப்பில் முதல் வகுப்பு, அதாவது இயல்பான தாடை உறவு, என்று வைத்திருந்த எல்லை 3.2-இலிருந்து 5.7 டிகிரி வரை. மொத்த அகலமே 2.5 டிகிரி. புள்ளிகள் எல்லாம் தேர்ச்சி பெற்றிருக்க, பிள்ளை மட்டும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருப்பாள்.

இது வெறும் கணக்குக்காகச் சொல்வது இல்லை. லிண்ட்னர் குழுவின் முறை அந்தப் புள்ளிகளைக் கொண்டு எட்டு அளவுகளில் நோயாளிகளை வகைப்படுத்தியபோது, சராசரித் துல்லியம் அந்த 84.7 சதவீதத்தையும் எட்டவில்லை. அந்தத் தொகுப்பில் விடை எழுதிய இரண்டு மருத்துவர்களுக்கு இடையிலேயே சராசரி வித்தியாசம் 1.38 மில்லிமீட்டர். அதைவிட நுணுக்கமாகக் கணினி கற்றுக்கொள்ள அங்கே பாடம் இல்லை.

இன்னொரு சிக்கலும் அதே எண்களில் ஒளிந்திருக்கிறது. ஸ்டைனரின் இயல்பு 2 டிகிரி. தைவான் அட்டவணையில் 3.2-க்குக் கீழே இருப்பதெல்லாம் மூன்றாம் வகுப்பு. அமெரிக்கப் பாடநூலின்படி குறையே இல்லாத முகம், தைவான் படங்களில் பயின்ற நிரலுக்குக் கீழ்தாடை துருத்திய முகம். இரண்டில் ஒன்று தவறு என்று சொல்ல முடியாது. அட்டவணைகள் வேறு வேறு மக்களை வைத்து எழுந்தவை. ஸ்டைனரின் இலட்சிய அளவுகள் ஒரு ஹாலிவுட் நடிகையின் முகத்தை வைத்து எழுதப்பட்டவை என்று ஒரு செவிவழிக் கதை பாடநூல்களிலேயே உலவுகிறது. யாரும் அதை உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்திய தகவல் வேறொன்று இருக்கிறது. 1984-இல் காஸ்கோவும் ஷெப்பர்டும் சிகிச்சையே எடுக்காமல் நல்ல கடிநிலையோடு இருந்த 79 வெள்ளையின அமெரிக்கர்களை அளந்தபோது, ஏ.என்.பி. கோணம் கழித்தல் 3-இலிருந்து 8 டிகிரி வரை விரிந்து கிடந்தது. பல் நன்றாகக் கடிக்கிறது, வாய் நன்றாக வேலை செய்கிறது. கோணம் மட்டும் மூன்று வகுப்புகளிலும் சிதறியிருக்கிறது.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பல் மருத்துவர் வெப்செஃப் போன்ற இணையச் செயலியில் படத்தை ஏற்றினால், சில நொடிகளில் கோணங்களும் வகுப்பும் வந்துவிடும். எந்த அட்டவணையோடு ஒப்பிட்டு அந்த வகுப்பு வந்தது என்பதை மருத்துவர் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளையின் உதடும் மேல்தாடையும் இயல்பாகவே சற்று முன்னிற்கும் குடும்பங்கள் ஏராளம். அதைக் கோளாறு என்று ஓர் அயல்நாட்டு அட்டவணை சொன்னால், நல்ல பற்களைப் பிடுங்கும் முடிவுவரை அது போகக்கூடும். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

புள்ளியே வேண்டாம், படத்தைப் பார்த்து நேராக வகுப்பைச் சொல் என்று கேட்கும் வழியும் உண்டு. தென் கொரிய ஆய்வாளர்கள் 2020-இல் 5,890 செஃபலோகிராம்களைக் கொண்டு இதைச் செய்தார்கள். தாடைகள் முன்பின்னாக எப்படி அமைந்திருக்கின்றன, முகம் நீளமா குட்டையா என்ற இரண்டையும் நிரல் ஒரே வீச்சில் சொன்னது. துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல். நேர்மையான ஒரு காரியத்தையும் அவர்கள் செய்தார்கள். எல்லா நோயாளிகளையும் வைத்து ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். வகுப்பெல்லைக்கு மிக அருகில் இருந்தவர்களை நீக்கிவிட்டு வேறு மாதிரிகளையும் பயிற்றுவித்தார்கள். எல்லையில் நிற்பவர்களை நீக்கியபோது எண்கள் உயர்ந்தன.

உயராமல் என்ன செய்யும்? தாடை கைமுட்டி அளவுக்குப் பின்தங்கிய முகத்தைக் கண்டுகொள்ள செஃபலோகிராமே தேவையில்லை; வாசலில் நுழையும்போதே வரவேற்பறையில் இருப்பவருக்குத் தெரியும். மருத்துவர் தடுமாறுவது எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையிடம்: கம்பி போதுமா, வளர்ச்சியைத் தூண்டும் கருவி வேண்டுமா, வளர்ந்த பிறகு அறுவைக்குக் காத்திருக்கச் சொல்லலாமா? உதவி தேவைப்படுகிற அந்த இடத்தில் நிரல் எத்தனை முறை சரியாகச் சொல்கிறது என்பதைத் தனியே பிரித்து எழுதாத ஆய்வு, எத்தனை ஆயிரம் படங்களைப் பயன்படுத்தியிருந்தாலும் மருத்துவருக்குப் பயன்படும் தகவலைக் கொடுக்கவில்லை.

ஏ.என்.பி. கோணத்துக்கே உரிய குறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. நேசியான் சற்று முன்னே அமைந்த முகத்தில், தாடைகள் உள்ளபடியே இருக்க, கோணம் குறைந்துவிடும். தாடைகள் இரண்டும் சேர்ந்து சுழன்றிருந்தாலும் மாறும். இதைக் கண்டுதான் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அலெக்ஸ் ஜேக்கப்சன், 1975-இல் ‘விட்ஸ்’ அளவை முன்வைத்தார்: ஏ, பி இரண்டிலிருந்தும் பற்கள் கடிக்கும் தளத்துக்குச் செங்குத்துக் கோடு இறக்கி, இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பது. அனுபவமுள்ள மருத்துவர் இரண்டு அளவுகளும் முரண்பட்டால் நின்று யோசிப்பார். ஏ.என்.பி.-யை மட்டும் விடையாக வைத்துப் பயின்ற நிரலுக்கு அந்த முரண்பாடே தெரியாது. கோணத்தின் குறையையும் சேர்த்தே அது மிகத் துல்லியமாகக் கற்றுக்கொண்டிருக்கும்.

எக்ஸ்ரேயிலேயே இல்லாத தகவலும் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு முன்பற்கள் ஒன்றோடொன்று இடிப்பதால், வாயை முழுதாக மூடக் கீழ்தாடையை முன்னே சறுக்கிக்கொண்டு கடிப்பார்கள். படம் எடுப்பது அப்படிக் கடித்த நிலையில்தான். படத்தில் அது மூன்றாம் வகுப்பு எலும்புக் கோளாறு போலவே தெரியும். மருத்துவர் மோவாயைப் பிடித்துத் தாடையை மெதுவாகப் பின்னுக்கு வழிநடத்தி, பற்கள் முதலில் எங்கே தொடுகின்றன என்று பார்த்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனையின் முடிவைப் படத்தோடு சேர்த்துக் கொடுக்காதவரை எந்த நிரலும் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வகுப்பைத் தாண்டிச் சிகிச்சை முடிவையே கணினியிடம் கேட்ட ஆய்வுகளும் வந்திருக்கின்றன. 2016-இல் 156 நோயாளிகளின் தரவில் பயின்ற நியூரல் நெட்வொர்க், பல் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் 93 சதவீதம் சரியாகச் சொன்னது. எந்தப் பற்கள் என்று கேட்டபோது 84 சதவீதம். 2019-இல் 316 பேரின் தரவை வைத்து, தாடை அறுவை தேவையா என்ற கேள்விக்கு 96 சதவீதம். இங்கே ‘சரி’ என்பது மருத்துவர் எடுத்த முடிவோடு பொருந்தியது என்பதுதான். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து அந்த நோயாளி நன்றாக மெல்கிறாரா, பற்கள் நின்ற இடத்தில் நிற்கின்றனவா, முகம் அவருக்குப் பிடித்திருக்கிறதா என்பது அந்த எண்களில் இல்லை.

குறைகளைத் திருத்தும் முயற்சிகள் நடக்கின்றன என்பதும் உண்மை. ஒரே கருவியில் எடுத்த படங்களைப் படித்த நிரல் வேறு கருவியின் படத்தில் தடுமாறும் என்பதால், தொகுப்புகளை விரிவாக்குகிறார்கள். பாகிஸ்தானிலிருந்து வந்த ‘ஆரிஸ்’ தொகுப்பில் 7 வேறு எக்ஸ்ரே கருவிகளில் எடுத்த 1,000 படங்கள், 29 புள்ளிகள். 2023-இல் நடந்த சி.எல்.-டிடெக்‌ஷன் போட்டி மூன்று மருத்துவ மையங்களின் 600 படங்களில் 38 புள்ளிகளைக் கேட்டது. தெற்காசிய முகங்கள் பொதுத் தொகுப்பில் இடம்பெறத் தொடங்கியிருப்பது இந்தப் பகுதி மக்களுக்கு நேரடியான நன்மை.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது: வளரும் பிள்ளையின் தாடை இனி எங்கே போகும்? ஆரிஸ் தொகுப்பு கழுத்தெலும்புகளின் முதிர்ச்சி நிலையையும் குறித்துவைத்திருக்கிறது. பாச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா ஆகியோர் 2005-இல் வகுத்த ஆறு நிலைகளைக் கொண்டு, பருவ வளர்ச்சி வேகமெடுத்துவிட்டதா என்று மதிப்பிடலாம். அதையும் நிரல்கள் கற்றுவருகின்றன. ஆனால் எட்டு வயதில் முகத்துக்கு வெளியே மாட்டும் ஃபேஸ்மாஸ்க் கருவியால் மேல்தாடையை முன்னே இழுத்துச் சரிசெய்த பிள்ளைக்கு, பதினாறு வயதில் கீழ்தாடை மறுபடி முன்னேறி எல்லாம் பழையபடி ஆவதுண்டு. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல, ஒரே பிள்ளையை ஆண்டுதோறும் படமெடுத்த தொடர் வரிசைகள் வேண்டும். சிகிச்சையே தேவைப்படாத பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக்காக ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுக்க இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. எடுத்த காலத்துப் படங்கள் மட்டும் பாதுகாப்பாக இருக்கின்றன. கிளீவ்லாந்தில் பிராட்பென்ட் தொடங்கிவைத்த போல்டன் தொகுப்பு, மிச்சிகன், பர்லிங்டன், ஐயோவா என அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்த ஒன்பது தொகுப்புகளின் மாதிரிகளை அமெரிக்கப் பல்சீரமைப்பாளர் சங்க அறக்கட்டளை இணையத்தில் யாவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்லும் நிரல் எழுத நினைப்பவர் போய் நிற்கக்கூடிய முதல் வாசல் அதுதான். அதிலுள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சென்ற நூற்றாண்டின் வட அமெரிக்க வெள்ளையினத்தவர்.